பழவேற்காட்டு ஏரியும் பன்னாட்டு உடன்படிக்கையும்

திருப்பாலைவனம் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்ட அளவில், நீரற்ற மணற்பரப்பையும் அதன்கண் நடந்து செல்லும் ஒட்டகத்தையும் நினைப்பார் உளர். மாணவர்களே, நீங்களும் அங்ஙனம் எண்ணிவிட வேண்டா. ஈண்டுப் பாலை என்றது பாலை என்னும் மரத்தை. அம்மரங்கள் செறிந்த காடு பாலைவனம் எனப்பட்டது. அங்கே சிவபெருமான் கோயில் கொண்டமையால் 'திரு' என்னும் அடைமொழியும் வாய்த்தது. திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரியினின்று பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் இவ்வூர் உள்ளது. பெயர் பாலையாயினும் நிலம் நெய்தலே. ஊரைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல, வயல்கள் குறையும், உப்புக்காற்று மிகும், சாலையோரத்தில் வலைகள் உலரும். பின்னர், கடல்தானோ என ஐயுறுமாறு ஒரு பெரிய நீர்ப்பரப்புத் தோன்றும். அதுவே பழவேற்காட்டு ஏரி.

ஏரி என்று வழங்கினும், மழைநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் நம்மூர் ஏரிகளைப் போன்றதன்று அது. கடலினின்று மணல்திட்டால் பிரிக்கப்பட்ட காயல் ஆகும். இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள், ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. இதற்கும் வங்கக் கடலுக்கும் இடையே மதில்போல் கிடக்கும் நிலமே, விண்கலங்களை ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் இதனுள் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் இவ்வேரிக் கரையில் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பி வாணிகம் செய்தனர். எழுத்துப் பொறித்த அவர்தம் கல்லறைகள் இன்றும் உள்ளன. வரலாறு கற்பார் அவற்றைத் தேடிச் செல்வர். நாம் தேடிச் செல்வது மீனவர் குப்பங்களை.

இவ்வேரியின் உயிர்நிலை அதன் முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரியுட் புகும். உப்பு மட்டாகவும் இரை மிகுதியாகவும் உள்ள ஆழமற்ற நீரில் வளரும். வளர்ந்தபின் வந்த வழியே கடலுக்கு மீளும். மடவை, கொடுவா முதலிய மீன்களும் இவ்வாறே கடலுக்கும் காயலுக்கும் வந்து போவன. கரையோர நீரோட்டம் மணலைக் கொணர்ந்து குவித்து இவ்வழியை அடைத்துவிடுமாயின், கேடு இரு பருவத்தும் விளையும். கோடையில், புது நீர் புகாமையால் ஏரி வெயிலிற் சுண்டி, கடல்நீரினும் உவர்ப்பு மிக்கதாகும். மழைக்காலத்தில், ஆற்று வெள்ளம் வடிய வழியின்றிக் குடிசைகளைச் சூழும். மணல் குவிதல் இயற்கையே, பண்டும் நிகழ்ந்ததே. ஆயினும், கடல்மட்டம் உயர்தலும், பெருமழை ஒருசேரக் கொட்டுதலும், கடற்கரையில் மனிதர் எழுப்பும் கட்டுமானங்கள் நீரோட்டத்தை மாற்றுதலும் அவ்வியற்கையோடு கூடும்பொழுது, பழகிய துன்பம் பழகாத துன்பமாக மாறிவிடுகிறது.

சில ஆண்டுகட்கு முன், மாசித் திங்களில், திருப்பாலைவனத்தில் நிகழ்ந்த தமிழ் விழா ஒன்றிற்கு யான் சென்றிருந்தேன். மறுநாட் காலையில் ஏரியைக் காணும் விருப்பத்தால் ஒரு குப்பத்திற்குப் போனேன். முதியவர் ஒருவர் மர நிழலில் அமர்ந்து கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார்.

"ஏரியின் வாய் அடைத்துக்கொண்டது என்கிறார்களே, மெய்தானா பெரியவரே?" என்று வினவினேன்.

"மெய்தான் ஐயா. ஏரிக்கு வாய் அடைத்தால் எங்கள் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் வாய் அடைத்ததுதான்" என்றார் அவர்.

நாற்பது ஆண்டுகள் இலக்கணம் பயிற்றிய எனக்கு, ஒரு சொல்லில் இரு பொருளை இவ்வளவு எளிதில் அமைத்துக் காட்டிய அம்முதியவர்மீது மதிப்பு உண்டாயிற்று. அவர் அருகில் அமர்ந்தேன். அன்று அவர் எனக்குக் கற்பித்த பாடம் 'பாடு' என்பது.

பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு, வருத்தம் முதலாகப் பல பொருள்களை நிகண்டு கற்றோர் கூறுவர். கடற்கரையோர் வலையிற் படுவதனை மீன்பாடு என்பர். பழவேற்காட்டு மீனவர்க்கோ பாடு என்பது ஒரு முறைமையின் பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் நெடுங்காலமாக இம்முறையைக் கைக்கொண்டு வருகின்றனர். இறால் பிடிக்கும் சுத்துவலையை நீரோட்டத்திற்குக் குறுக்கே கழிகள் நட்டுக் கட்டுவர். கடல்நீர் வற்றும்பொழுது ஏரிநீர் வெளியேறும். அதனோடு செல்லும் இறால் வலையிற் படும். இதற்கு ஏற்ற இடங்கள் முகத்துவாரத்தின் அருகே சிலவே உள. அவ்விடங்களை வலியவர் பற்றிக்கொள்வாராயின் எளியவர் பட்டினி கிடப்பர். எல்லாரும் ஒருங்கே வலை கட்டுவாராயின் ஒருவர் வலையிலும் ஒன்றும் படாது. ஆகவே, ஊரவை கூடித் தலைக்கட்டுகளைக் கணக்கிட்டுச் சீட்டுக் குலுக்கும். எந்நாளில் எவ்விடம் எவர்க்கு உரியது என்பது அச்சீட்டால் முடிவாகும். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறிடம் செல்வர். ஒருவரும் ஓரிடத்தில் நிலைத்தல் இல்லை. முறை தவறினவர்க்குத் தண்டம் உண்டு.

"உங்கள் முறை இல்லாத இரவில் நல்ல நீரோட்டம் கண்டால் மனம் கேட்குமா?" என்றேன்.

"கேட்காதுதான் ஐயா. ஆனால் இன்று நான் இறங்கினால், என் முறையன்று அவன் இறங்குவானே!" என்றார்.

இம்முறையிற் குறையே இல்லை என்று நான் கூறேன். பாட்டுரிமை பிறந்த குடியாலும் ஊராலும் வருவது. அவ்வுரிமை பெறாதார் பலர் அதே ஏரிக்கரையில் வாழ்கின்றனர். இருளர் குலப் பெண்டிர் இடுப்பளவு நீரில் இறங்கி, ஓலையால் முடைந்த பறியை வாயிற் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதனை இன்றும் காணலாம். பகிர்வு முறை வகுக்குமிடத்து, பகிரும் அவைக்குள் இடம்பெற்றவர் யார், வெளியே நின்றவர் யார் என்னும் வினா எழாமற் போகாது. இவ்வினாவை மாணவர்கள் நினைவிற் கொள்க. சற்றுப் பின்னர் உலக அவையிலும் இதனையே காண்போம்.

குப்பங்கள் தமக்குள் முறை வகுத்துக்கொண்டன. ஏரியோ குப்பங்களோடு முடிவதில்லை. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் இரு மாநில எல்லையிலுள்ள ஊர்கள் சில கைமாறின. ஏரியின் பெரும்பகுதி இன்று ஆந்திரப் பிரதேசத்தின்கண் உள்ளது. பழவேற்காட்டு முகத்துவாரமோ தமிழ்நாட்டின்கண் உள்ளது. இறாற் குஞ்சுக்கு இவ்வெல்லை தெரியாது, படகோட்டிக்குத் தெரியும். எல்லை தாண்டி வலையிட்டனர் என்று இருபுறத்து மீனவரும் பூசலிட்ட நாள்கள் உண்டு. ஆரணியாறும் ஆந்திரத்தில் தோன்றி, அங்கே பிச்சாட்டூர் அணையில் தேங்கி, பின்னரே ஊத்துக்கோட்டை வழியாக நம் பக்கம் வருகிறது. அணையைத் திறக்குமுன் அவ்வரசு இவ்வரசுக்கு அறிவித்தால் தாழ்நிலத்தார் பொருள்களோடு மேடேறுவர். அறிவியாது திறந்தால் உயிரோடு மேடேறுவதே அரிதாகும். முகத்துவாரம் தூர்ந்துபோகாமற் காக்கக் கருங்கற் சுவர்கள் அமைக்கும் பணியைத் தமிழ்நாட்டு அரசு அண்மையாண்டுகளில் மேற்கொண்டது. வடபுறத்து வாய்களைத் தூர்வாரும் பொறுப்பு ஆந்திர அரசைச் சார்ந்தது. ஓர் ஏரிக்கு இரண்டு அரசுகள்; இவற்றுள் ஒன்று மட்டும் கடமையைச் செய்தால் ஏரி பாதியளவு பிழைக்கும் என்பது இல்லை.

அரசுகளுக்கு இடையிலும், அரசுக்கும் குடிகளுக்கும் இடையிலும் வழக்கு உண்டாகும்பொழுது நீதிமன்றம் தேவையாகிறது. பழவேற்காட்டின் பெயர் அத்தகைய பெருவழக்கு ஒன்றில் பதிந்துள்ளது. 1990-ஆம் ஆண்டுகளில் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் இறாற் பண்ணைகள் பெருகின. உவர்நீர் கசிந்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டன. சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். சிலிகா, பழவேற்காடு என்னும் இரண்டு ஏரிகளினின்றும் 1,000 மீட்டர்த் தொலைவுக்குள் இறாற் பண்ணை அமைத்தலாகாது என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது. கேடு விளைத்தவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியும் அதில் வலியுறுத்தப்பெற்றது. பின்னர், 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, கடலோரப் பண்ணைத் தொழிலை ஓர் ஆணையத்தின் கீழ்க் கொணர்ந்தது. சட்டங்கள் மாறுவன. எனினும், குடிநீர் கெட்ட ஓர் உழவனுக்கும் மீன் இழந்த ஒரு வலைஞனுக்கும் நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் நின்று கேட்கும் உரிமை உண்டு என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. உயிர்வாழும் உரிமையைக் கூறும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு, மாசற்ற நீரையும் காற்றையும் பெறும் உரிமையை உள்ளடக்கியது என்று 1991-ஆம் ஆண்டிலேயே அந்நீதிமன்றம் உரைத்திருந்தது.

இதுகாறும் கூறியவற்றை அம்முதியவரிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர், வலையைக் கீழே வைத்துவிட்டு, "பண்ணைக்காரர்மேல் வழக்குப் போட்டார்கள், சரி. வெயில் கூடுகிறது, கடல் ஏறுகிறது என்கிறார்களே, அதற்கு யார்மேல் வழக்குப் போடுவது?" என்றார். எளிய கேள்விதான். இதற்கு விடை காண உலக நாடுகள் ஐம்பது ஆண்டுகளாக முயன்று வருகின்றன.

நிலக்கரியும் எண்ணெயும் எரியுமிடத்துக் கரியமிலவாயு எழும். காற்றுக்கு எல்லைக்கல் நடுவார் இல்லை. எந்நாட்டில் எழுந்ததாயினும் அது உலகு முழுவதையும் சூழ்ந்து, வெப்பத்தைப் போர்வைபோல் தடுத்து நிறுத்தும். 1988-இல் பன்னாட்டு அறிஞர்களைக் கொண்ட காலநிலைக் குழு ஒன்றை ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் நிறுவின. அக்குழுவின் கணக்குப்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செண்டிமீட்டர் உயர்ந்துள்ளது. ஒரு சாண் அளவுதானே என்று எண்ணுதல் தவறு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே தாழ்ந்த மணலில் வீடு கட்டியவனுக்கு அவ்வொரு சாண் சிறிதன்று.

1972 சூன் திங்களில் சுவீடன் நாட்டு ஸ்டாக்கோம் நகரில் உலக நாடுகள் சுற்றுச்சூழல் குறித்து முதன்முறையாகப் பெரிய அளவிற் கூடின. மாண்புடன் வாழ்தற்கேற்ற சூழல் மாந்தனின் அடிப்படை உரிமை என்று அம்மாநாட்டு அறிக்கை தொடக்கத்திலேயே கூறிற்று. நம் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அங்கே உரையாற்றினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1992-இல், பிரேசில் நாட்டு ரியோ நகரில் காலநிலை உடன்படிக்கை கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. அதன் அடிப்படை நெறியைத் தமிழில், 'பொறுப்பு யாவர்க்கும் பொது. அளவு அவரவர்க்கு வேறு' என்று சொல்லலாம். நெடுங்காலம் புகை எழுப்பிச் செல்வம் ஈட்டிய நாடு மிகுதியாகக் குறைக்க வேண்டும். இப்பொழுதே விளக்கேற்றத் தொடங்கிய நாட்டின்மீது அதே சுமையை ஏற்றுதல் நீதியன்று. இந்தியர் ஒருவர் பங்கிற்கு எழும் கரியமிலவாயு, உலகச் சராசரியில் ஏறத்தாழப் பாதியளவே. ஆதலின் நம் நாடு இந்நெறியை விடாது பற்றி நிற்கிறது.

2015 டிசம்பர் 12-ஆம் நாள் பாரிசு மாநகரில் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. உலக வெப்பம் தொழிற்காலத்துக்கு முன்னிருந்த நிலையினின்று 2 பாகைக்கு மிகவும் குறைவாகவே உயர விடுவது, கூடுமாயின் 1.5 பாகையில் நிறுத்துவது என்பது அதன் குறிக்கோள். ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தானே வகுத்து அறிவிக்கும். இங்கேதான் குப்பத்துப் பாட்டுக்கும் உலகத்துப் பாட்டுக்கும் உள்ள வேற்றுமை தோன்றுகிறது. குப்பத்தில் பங்கை வகுப்பது ஊரவை. முறை தவறினால் தண்டம். பாரிசில் பங்கை வகுப்பவன் அவனே. தவறினால் தண்டம் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடு 2020-இல் இவ்வுடன்பாட்டினின்று விலகியது; 2021-இல் திரும்பி வந்தது; 2025-இல் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது. ஏரியில் ஒருவன் இவ்வாறு செய்தால் அவன் வலைக்கழியை ஊரார் பிடுங்கி எறிவர்!

தண்டிக்கும் அவை இல்லாதபோது, துன்புறுவோர் தம் உரிமையை எடுத்துரைப்பதே வலிமை ஆகும். கடலுள் அமிழும் அச்சமுடைய சிறு தீவு நாடுகளே இவ்வழியை முதலிற் கண்டன. 2007 நவம்பரில் மாலைத்தீவின் தலைநகராகிய மாலேயில் அவை கூடி, காலநிலை மாற்றம் மனித உரிமைகளைப் பாதிக்கிறது என்று அறிவித்தன. அடுத்த ஆண்டே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் அக்கருத்தை ஏற்றுத் தீர்மானம் இயற்றிற்று. தூய, நலமான சூழலைப் பெறுதல் மனித உரிமையே என்று அம்மன்றம் 2021-இலும், பொதுப்பேரவை 2022 சூலை 28-ஆம் நாளிலும் உரைத்தன. பேரவையில் ஆதரித்தவை 161 நாடுகள். எதிர்த்தது ஒன்றும் இல்லை. 2021-இல் நம் நாடு வாக்களியாது ஒதுங்கியதையும், 2022-இல் ஆதரித்து வாக்களித்தும் உரிமையைக் கூறும் பத்தியினின்று தான் விலகி நிற்பதாகப் பதிவு செய்ததையும் மறைத்தல் தகாது. நம் உச்ச நீதிமன்றமோ 2024 மார்ச்சு 21-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் தீங்கினின்று விடுபட்டு வாழும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கியுள்ளது என்று தெளிவாகக் கூறிற்று.

மீனவர்க்கென்றே அமைந்த பன்னாட்டு ஆவணம் ஒன்றும் உண்டு. 2014 சூன் திங்களில் உணவு வேளாண்மை நிறுவனத்தின் மீன்வளக் குழுவில் கூடிய நாடுகள், சிறுதொழில் மீனவர்க்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றன. மனித உரிமையை அடிப்படையாகக் கொண்ட அந்நெறிகளில், பேரிடரையும் காலநிலை மாற்றத்தையும் பற்றித் தனிப் பகுதியே உள்ளது. நெறி வகுக்குமுன் அவர்களைக் கலந்து பேச வேண்டும் என்கிறது அது. அவைக்கு வெளியே நின்றவர் உள்ளே அழைக்கப்பட்டனர் எனலாம். இதற்காகப் பல்லாண்டு உழைத்தவருள் ஒருவர், சென்னையிலுள்ள மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பின் செயலாளராக இருந்த சந்திரிகா சர்மா அம்மையார். அந்நிறுவனத்தின் கூட்டம் ஒன்றிற்காக மங்கோலியா நோக்கிப் புறப்பட்ட அவர், 2014 மார்ச்சு 8-ஆம் நாள் காணாமற் போன மலேசிய விமானத்தில் இருந்தார். மூன்று திங்கள் கழித்து நெறிகள் நிறைவேறின. அந்நூலை அவர் நினைவுக்கே உரிமையாக்கினர்.

மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு செய்தி. 2019-இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர் சிலர், காலநிலை குறித்து நாடுகளுக்குள்ள கடமை யாது என்று பன்னாட்டு நீதிமன்றத்தையே கேட்க வேண்டும் என எண்ணினர். வனுவாட்டு என்னும் சிறு நாடு அவர்கள் கருத்தை ஏற்று உலக அவைக்குக் கொண்டு சென்றது. 2023 மார்ச்சு 29-ஆம் நாள் பொதுப்பேரவை ஒருமனதாக அவ்வினாவை நீதிமன்றத்திற்கு அனுப்பிற்று. 2025 சூலை 23-ஆம் நாள் நீதிபதிகள் அனைவரும் ஒரு குரலில் விடையளித்தனர். காலநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமை; அதில் தவறிய நாடு, தவற்றை நிறுத்தவும் உரிய நிலையில் இழப்பை ஈடுசெய்யவும் பொறுப்புடையது; தூய சூழல் பிற மனித உரிமைகள் நிலைபெற இன்றியமையாதது என்றனர். இது கருத்துரையே, கட்டாயப்படுத்தும் தீர்ப்பன்று. ஆயினும், இனி வழக்காடுவார் கையில் இஃது இருக்கும்.

அவ்வாண்டு ஆவணித் திங்களில் மீண்டும் அக்குப்பத்திற்குச் சென்றேன். முதியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு விடை வந்துள்ளது என்று கூறி, மேலே சொன்னவற்றையெல்லாம் விளக்கினேன்.

"அந்த நீதிமன்றம் எங்கே இருக்கிறது ஐயா?"

"ஹேக் நகரில், நெதர்லாந்து நாட்டில். பண்டு ஒல்லாந்து என்றார்களே, அந்நாடு."

"இங்கே கோட்டை கட்டினார்களே, அவர்கள் ஊரிலா?" என்று சிரித்தார். "அவர்கள் அங்கிருந்து இங்கே வந்து வியாபாரம் பார்த்தார்கள். இனி நாம் இங்கிருந்து அங்கே போய் நியாயம் கேட்க வேண்டும்!"

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஏரியைப் பார்த்தார். கடல்நீர் வற்றத் தொடங்கியிருந்தது. கரையோரத்து நீர் மெல்ல முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தது. "பொழுது ஆகிவிட்டது ஐயா. இன்றிரவு பாடு என் மகனுக்கு" என்று கூறி, மடித்து வைத்திருந்த வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார்.